சாய்ந்து நின்ற தண்ணீர்

மாதிரி எடுத்து வந்த பாட்டில்களில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சாய்ந்து நின்றது.

மேசைதான் கோணல் என்று அவள் முதலில் நினைத்தாள். ஆனால் அதே மேசையில், அதே வரிசையில் இருந்த மற்ற பாட்டில்களில் தண்ணீர் கோடு கிழித்தாற்போல் சமமாக இருந்தது. சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தெருவின் பொதுக்கிணற்றில் எடுத்ததில் மட்டும், யாரோ பாட்டிலைச் சரித்துப் பிடித்திருப்பதுபோல, நீர்மட்டம் ஜன்னல் பக்கம் ஏறியும் இந்தப் பக்கம் இறங்கியும் இருந்தது. பாட்டிலைத் திருப்பி வைத்தாள். கண்ணாடி திரும்பியது. தண்ணீர் திரும்பவில்லை.

அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய, தண்ணீர் மாசு வழக்குகள் நடத்தும் சின்ன அமைப்பு அது. முன்னறையில் மனுக்களும் பதாகைகளும், பின்னறையில் கண்ணாடிக் குழாய்களும் பழைய ஃப்ரிட்ஜும் எப்போதும் மூக்கில் ஏறும் குளோரின் வாடையும். படிப்பு முடிந்த கையோடு பயிற்சிக்கென்று வந்து சேர்ந்திருந்தாள். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை அதிரும். எல்லாப் பாட்டில்களிலும் வளையம் வளையமாகச் சிற்றலை எழும். அந்த ஒன்றில் மட்டும் எழவில்லை.

சொட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். சோதனையின்போது ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டு எண்ணும் பழக்கத்தால் அந்த ஆய்வக உதவியாளருக்குச் சொட்டு அண்ணன் என்று பெயர். அவர் குனிந்து பார்த்தார்.

"சாயப்பட்டறைத் தண்ணி இல்லையா, அதான் சாயுது," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரித்து முடித்த பிறகும் அவர் குனிந்தே நின்றார்.

மறுநாள் கோர்ட்டில் விசாரணை இருந்தது. பட்டறைக் கழிவு கிணற்றில் இறங்குகிறது என்பது அமைப்பின் வாதம். சோதனையோ தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்றது. சாயம் இல்லை, கிருமி இல்லை, உப்புகூட இல்லை. உப்பே இல்லாத கிணற்றுத் தண்ணீரை அவள் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. உப்பு அளக்கும் மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டாள். பூஜ்யம். அமைப்பை நடத்தும் வக்கீலம்மா போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, மீட்டர் கெட்டிருக்கும், இருட்டுவதற்குள் இன்னொரு தடவை மாதிரி எடுங்கள், புகார் கொடுத்த தையல்காரம்மாவைக் கையோடு சாட்சிக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

தையல்காரம்மாவை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். தெரு முழுக்கக் கிணற்றடியில் கூடி, கையில் கிடைத்த பாத்திரத்தில் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா மட்டும் கடைசி வீட்டு வாசலைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர் கெட்டுப்போய்விட்டதா என்று இவள்தான் போய்க் கேட்டாள்.

"கெட்டுப்போகலம்மா. ரொம்ப நல்லா இருக்காம். குடிச்சவங்களால நிறுத்த முடியல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

மாதிரி எடுக்கப் போகும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்பதில் அவள் கறார். சொட்டு அண்ணனுக்கு அப்படியெல்லாம் கிடையாது. வெயிலில் யாரோ நீட்டிய செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. உட்காருங்களேன் என்றதற்கு, பரவாயில்லை, இப்படியே இதமாக இருக்கிறது என்றார். அவர் நெற்றி கண்ணாடியில் பதிந்திருந்தது. தோள் பதிந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் பதிந்திருந்தன. பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்பக்கம் அழுந்துவார்களே, அப்படி. மேசையில் பாட்டில் தண்ணீரும் அதே பக்கம்தான் ஏறி நின்றது.

தானே போய் எடுத்து வருவதாகச் சொல்லி அவர் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தாள். சமதளமான ரோட்டில், பள்ளத்தில் இறங்குகிறவர் போல உடம்பைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி, அப்படியும் கால்கள் முந்த, போய்க்கொண்டிருந்தார். மூலை திரும்பும்போது கிட்டத்தட்ட ஓடினார்.

திரும்பி வரவில்லை. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

தெருவில் எல்லா வீடுகளும் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பில் ஏதோ தீய்ந்து கருகிப் புகைந்தது. இன்னொரு வீட்டில் டிவி யாருக்காகவோ பேசிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் செருப்புகள் ஜோடி ஜோடியாக அப்படியே இருந்தன. நாய் இல்லை. காக்கை இல்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் மட்டும், தூங்குகிறவர்கள் மூச்சுப்போல, எழுந்து அடங்கியது.

கடைசி வீடு மட்டும் சாத்தியிருந்தது. கதவைத் தட்டினாள். பக்கத்து ஜன்னல் விரல்கடை அளவு திறந்தது.

"தண்ணி குடிச்சியா?" தையல்காரம்மாவின் குரல்.

இல்லை என்றாள்.

"அப்போ போயிடு. என் வீட்டுக்காரர் போயிட்டாரு. பிள்ளை தெரியாம ஒரு வாய் குடிச்சிட்டா. கட்டி வெச்சிருக்கேன்."

விலகிய திரையின் வழியே உள்ளே தெரிந்தது. தைக்க வந்த துணிகளையெல்லாம் முறுக்கி, சின்னப் பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைத் தையல் மெஷின் காலில் முடிந்திருந்தாள். துணி விறைத்து நின்றது. குழந்தை கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கியபடியே நின்றிருந்தாள். தரையை நோக்கிப் பாதி சாய்வில், கட்டின் பலத்தில், முகம் கிணற்றுப் பக்கம்.

மெஷின் தரையில் கீறிக்கொண்டு ஓர் அங்குலம் நகர்ந்தது. தாய் ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்தாள்.

போலீசுக்குச் சொல்லலாம். வக்கீலம்மாவைக் கூப்பிடலாம். போனைக் கையில் எடுத்தபோதுதான் கிணற்றடியில் கிடந்த பெட்டியை அவள் பார்த்தாள். அவர்கள் ஆய்வகப் பெட்டி. திறந்து, பாட்டில்கள் கவிழ்ந்து.

"அண்ணா?"

மூச்சுச் சத்தம் நின்றது.

கிணற்றை நோக்கி நடந்தாள். மெல்ல. போனில் டார்ச்சைப் போட்டாள். கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. தண்ணீரில் முகங்கள்.

தெரு முழுவதும் அதற்குள் இருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மோவாய் வரை நீரில், நேராக நின்றார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். எதன் மேல் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. யாரும் திணறவில்லை. யாரும் கத்தவில்லை. எல்லாக் கண்களும் திறந்திருந்தன. எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள், தண்ணீர் ஏறியது. ஒன்றாக விட்டார்கள், இறங்கியது.

சுவரை ஒட்டி, கைக்கு எட்டும் தூரத்தில், சொட்டு அண்ணன்.

"ஒண்ணுமே இல்ல தங்கச்சி," என்றார் வழக்கமான குரலில். "தண்ணி சுத்தமா இருக்கு."

அவள் பின்வாங்கினாள். கால் வந்தது. உடம்பு வந்தது. யாரும் அவளை இழுக்கவில்லை. தண்ணீருக்கு அவள் யாரோ. ஓடலாம். ஸ்கூட்டர் அங்கேதான் நிற்கிறது.

அப்போதுதான் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். நெருக்கி நின்ற அத்தனை தலைகளுக்கும் மத்தியில் கறுப்பாக ஓர் இடைவெளி. சின்னது. ஒரு குழந்தை நிற்கும் அளவு.

பின்னால் துணி கிழியும் சத்தம் கேட்டது.

மெஷின் கவிழ்ந்தது. கதவு உடைந்தது. தாயின் அலறல். பிறகு வெறுங்கால்கள். வேகமாக. மிக வேகமாக.

அவள் திரும்பினாள். சுவரில் முதுகை அழுத்தி, காலை ஊன்றி, இரண்டு கைகளையும் அகல விரித்தாள். தெருவின் நடுவே குழந்தை வந்துகொண்டிருந்தாள். முகம் தரையில் இடிக்கும் அளவுக்குச் சாய்ந்து. கண்மூடி. கிழிந்த துணி பின்னால் பறக்க.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மெல்லச் சலசலத்தது. அவள் தலையைத் திருப்பினாள்.

உள்ளே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த இடம் பெரிதாகியிருந்தது. இப்போது இருவர் நிற்கலாம்.