ஒரு பிடித் தவிடு

இலங்கையில், யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரியிலிருந்து கடல் தாண்டி வந்த விஜயகலாவுக்கு மழை ஒரு பொருட்டா? தோளில் நாலு வயது மகள் பவித்ரா அனலாய்க் கொதித்தாள். மடியில் ஒரு பிடித் தவிடு முடிந்திருந்தது.

விஜயகலா பிறந்தது இங்கே ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில்தான். நோஞ்சான் பிள்ளை தங்காது என்று பயந்த அவள் அம்மா, மேட்டிலிருந்த பழைய கன்னியர் மடத்து மதரிடம் ஒரு பிடித் தவிட்டை விலையாக வாங்கிக்கொண்டு அவளை விற்றாள். எல்லாம் சாத்திரத்துக்குத்தான், பிள்ளை வீட்டிலேயேதான் வளரும். தேறியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுவிட வேண்டும். இந்தியாவுக்குக் கப்பலேறிய அவசரத்தில் அதை மறந்தே போனார்கள். மறக்கிற காரியமா அது!

விஜயகலாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டன. “நீயே இன்னும் அடுத்தவங்க பிள்ளை. ஒம் பிள்ளை எப்படி ஒனக்குத் தங்கும்?” என்றாள் குறிகாரி. 2003இல் சண்டை ஓய்ந்திருந்த நேரம் பார்த்து ஓடிவந்துவிட்டாள்.

துணைக்கு வந்த மாமன் மகள் ஜீவராணி, சிஸ்டரைத் தேடி மடத்தின் பின்பக்கம் போனாள். விஜயகலா மட்டும் முன்னறையில் நின்றாள். பாசியும் அணைந்த மெழுகுதிரியும் கலந்த வாடை. சுவருக்குள் ஒரு மரப்பெட்டி பதித்திருந்தது. அந்தக் காலத்துக் கன்னியர்கள் முகம் காட்டாமல் சாமான் வாங்கிக்கொள்ள, அது உள்ளும் புறமும் சுழலும்.

பெட்டி கிறீச்சிட்டு அவள் பக்கம் திறந்தது.

“மதர்?”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிட்டார்கள்.

“என்னைய மீட்டுக்கிறேன், மதர்,” என்று தவிட்டை வைத்தாள். பெட்டி மெல்லச் சுழன்று உள்ளே போனது.

திரும்பி வந்தது.

தவிடு அப்படியே இருந்தது. வேண்டாம் என்கிறார்களே! அழுதுகொண்டே அள்ளி மடியில் கட்டினாள். பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறியது.

ஜீவராணி ஓடிவந்தாள். உள்ளறையே இல்லையாம். போன மண்சரிவில் இடிந்து விழுந்து, இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்தான் என்று சிஸ்டர் சொன்னாராம். பேசிக்கொண்டே வந்தவள் விஜயகலாவின் மடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இது நீங்க கொண்டாந்த தவிடு இல்லையே, மதினி,” என்றாள். “அவங்க தந்தத வாங்கிட்டீங்களா? அப்ப பிள்ளைய வித்ததா ஆயிருமே.”

விஜயகலாவுக்கு உயிரே போய்விட்டது. தவிட்டை அவிழ்த்துப் பெட்டியில் கொட்டித் தள்ளினாள். இரண்டு கையாலும் தள்ளினாள்.

பெட்டி அசையவில்லை.

தோளில் சூடு தணிந்திருந்தது. பவித்ரா கண் விழித்தாள். காய்ச்சலே வராத பிள்ளை போல முகம் தெளிந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைப் பார்ப்பதுபோல் விஜயகலாவைப் பார்த்தாள்.

“இறக்கி விடுங்க,” என்றாள். “உள்ள எங்கம்மா கூப்பிடுறாங்க.”