வீட்டுப் பேர் என்ன சார்?

போன் அடித்தது.

அழகியநம்பி எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தது!

பழவங்காடி கணபதி கோவில் முக்கில் விடலைத் தேங்காய் விற்கிறவருக்குக் காலை பதினோரு மணிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பக்தர்கள் வாங்குவார்கள், வீசி எறிவார்கள், தேங்காய் நூறு சில்லாகத் தெறிக்கும். இன்றைக்கு அவர் மனசும் அந்த நிலையில்தான் இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் பேங்கில் லோன் இல்லை என்று கையை விரித்திருந்தார்கள்.

சனிக்கிழமைக்குள் ஐந்து லட்சம் புது அட்வான்ஸ் தர வேண்டும். இல்லாவிட்டால் கட்டடக்காரர் கையில் கடைச் சாவியைத் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷக் கடை! கணக்கில் இரண்டு லட்சம் இருந்தது. மீதி மூன்று லட்சத்துக்குத்தான் லோன்.

மூன்றாவது முறை அடித்ததும் எடுத்தார்.

"அழகியநம்பி சாரா? நமஸ்காரம் சார். பேங்கிலேர்ந்து ஆர்ஷா பேசறேன். சாரோட லோன் ரிஜெக்ட் ஆயிப்போச்சு, அல்லே?"

"ஆமா... அதுக்கு?"

"விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க சார்! சாருக்கு ஒரு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆயிருக்கு. லிமிட் மூணு லட்சம்!"

நம்பிக்கு வாய் திறந்தபடி நின்றது.

"ஏம்மா... இப்பத்தான் உனக்குக் கடன் தர வழியில்லைன்னு சொன்னாங்க. அதே ஆளுக்கு மூணு லட்சத்துக்குக் கார்டா?"

"லோன் செக்‌ஷன் வேற, கார்டு செக்‌ஷன் வேற சார். கார்டுலேர்ந்து பணமாவே எடுத்துக்கலாம். இப்ப ஒரு ஓ.டி.பி. வரும். அதச் சொன்னா மதி, போதும்."

டிங்!

ஆறு எண்கள். நம்பி கண்ணாடியை மாட்டினார். சனிக்கிழமை, சாவி, கட்டடக்காரரின் முகம்... எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

"நாலு... ஏழு..."

"ஒரு நிமிஷம் சார். அதுக்கு முன்னாடி அட்ரஸ் உறப்பாக்கிக்கறேன். தெங்குவிளாகம் வீடு, ஸ்ரீவராகம். சரியல்லே?"

நம்பி நின்றுபோனார்.

கண்ணாடியைக் கழற்றினார்.

போனை வைத்துவிட்டார்!

ஏன்?

தெங்குவிளாகம் என்று ஒரு வீடு ஸ்ரீவராகத்தில் இல்லை. உலகத்திலேயே இல்லை!

அது இன்று காலை பத்து மணிக்கு லோன் செக்‌ஷனில் பிறந்த வீடு. செக்‌ஷனே வேற என்றவளுக்கு அது ஒரு மணி நேரத்தில் எப்படித் தெரியும்? பேங்கில் லோன் பார்க்கிற ஷிஜு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டான். "ஹவுஸ் நேம் என்ன சார்?"

"வாடகை வீட்டுக்கு ஏதுப்பா பேரு? கதவு நம்பர் போடு."

"அது வேற காலம் சார். ஹவுஸ் நேம் இல்லாம சேவ் ஆகாது."

மலையாளத்தானுக்கு வீட்டுப் பேர் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நம்பிக்கு அப்பா பேரின் முதல் எழுத்தைத் தவிர வேறு சொத்து இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது புரியுமா? நாள் முழுக்கத் தேங்காயோடு கிடக்கிற வாய். 'தெங்குவிளாகம்' என்று அவிழ்த்துவிட்டார்.

அவிழ்த்துவிட்டு என்ன பயன்? "டர்ன்ஓவர் போரா, பத்தாது சார்" என்று ஷிஜு உதட்டைப் பிதுக்கினான். மேனேஜர் ஜெயன் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார். நம்பி பேங்க் படியில் நின்றபடியே ஆடிட்டர் அனந்தபத்மநாபனைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்துப் புலம்பினார். பைல் தயாரித்துக் கொடுத்த மனிதர் அவர்தானே!

"என்னத்துக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?"

பொன்னம்மை. நம்பியின் மனைவி. கல்லாவில் அவள் உட்கார்ந்தால் கள்ளநோட்டுகூடத் தானாக எழுந்து ஓடும்.

நம்பி சொன்னார்.

பொன்னம்மையின் கண் சுருங்கியது. "பக்கத்துக் கடை வீரபாண்டியண்ணன் கதை மறந்துபோச்சா? அவருக்கும் முதல்ல லோன் இல்லைன்னான். பொறவு கார்டு தாரேன்னான். அவரும் ஆறு நம்பரச் சொன்னாரு. மறுநாள் கணக்குல ஒத்த ரூவா இல்ல!"

வீரபாண்டியின் கற்பூரக் கடை ஷட்டர் ஆறு மாதமாகத் திறக்கவில்லை. ஆள் தென்காசிப் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு.

"அப்ப பேங்குலயே கள்ளன் இருக்கான்ட்டீ!" நம்பி குதித்தார். "அந்தப் பேரு ஷிஜுவுக்குத் தெரியும், ஜெயனுக்குத் தெரியும். ரெண்டுல ஒருத்தன்!"

"சும்மா சத்தம் போடாதிய. ரெண்டுல ஒருத்தன்னா எவன்?"

நம்பி இரண்டு விரலை நீட்டி மாறி மாறிப் பார்த்தார்.

மத்தியானம் ஆடிட்டரே கடைக்கு வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், தோளில் துணிப்பை, வெற்றிலைச் சிரிப்பு. விஷயத்தைக் கேட்டு 'ச்சொ ச்சொ' என்றார்.

"அந்த ஷிஜுவை நேக்கு முதல்லேர்ந்தே பிடிக்கலை, கேட்டேளா? முழியே சரியில்லை. ஆனா ஓய், சனிக்கிழமை வந்துண்டிருக்கு. நிஜமாவே பேங்க் கார்டா இருந்தா என்ன பண்றது? வர லக்ஷ்மியைக் காலால தள்ளப்படாது. நன்னா விசாரிச்சுட்டு வாங்கிக்கோங்கோ."

"விசாரிக்கத்தான் போகுதோம் சாமி" என்றாள் பொன்னம்மை. குரலில் பவ்யம்.

அவர் தலை மறைந்ததும் நம்பியின் கையில் இரண்டு துண்டுக் காகிதங்களைத் திணித்தாள்.

"பேங்குக்குப் போங்க. வீட்டுப் பேரு தப்பாயிட்டு, திருத்தணும்னு சொல்லுங்க. ஷிஜு காதுல மட்டும் 'மாவிளாகம்'. ஜெயன் காதுல மட்டும் 'பிலாவிளாகம்'. தனித்தனியா! அந்தப் புள்ளை மறுபடி கூப்பிடும்லா? எந்தப் பேரச் சொல்லுதோ, அவன்தான் கள்ளன்."

நம்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி... நீ போலீஸ்ல சேந்திருக்கணும்."

"சேத்தாங்களா? தேங்காக்கடையில சேத்துவிட்டாங்க. போங்க!"

நம்பி போனார். ஷிஜுவிடம் குனிந்து மாமரத்தைச் சொன்னார். ஷிஜு குறித்துக்கொண்டான். ஏன் இவ்வளவு மெதுவாகக் குறிக்கிறான்? ஜெயனின் அறைக்குள் போய்ப் பலாமரத்தைச் சொன்னார். ஜெயன் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்?

இரவு முழுக்க நம்பிக்கு ஷிஜு கள்ளன். விடிந்ததும் ஜெயன் கள்ளன். பல் தேய்க்கும்போது மறுபடியும் ஷிஜு!

மறுநாள், பத்தரை.

கடை வாசலில் வேட்டி கட்டிய ஒரு வாடிக்கையாளர் அரை மணி நேரமாகத் தேங்காய்களைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பிக்கு எரிச்சல். உடைக்கப் போகிற தேங்காய்க்கு இத்தனை ஆராய்ச்சியா?

ஆடிட்டர் அனந்தபத்மநாபனும் வந்து ஸ்டூலில் அமர்ந்திருந்தார். "அந்தப் பக்கமா வந்தேன், உம்ம ஞாபகம் வந்தது" என்றார்.

போன் அடித்தது!

நம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும் ஓய்" என்றார் ஆடிட்டர். "பேங்கா இருக்கப் போறது."

பொன்னம்மை எட்டி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"சார், ஆர்ஷா பேசறேன். நேத்து கட்டாயிப்போச்சு. இன்னைக்குத்தான் லாஸ்ட் டேட் சார். ஓ.டி.பி. அனுப்பவா?"

"அனுப்பும்மா..." நம்பி மனைவியைப் பார்த்தார். "முதல்ல அட்ரஸ் சொல்லு. வீட்டுப் பேர் என்ன?"

மாவா? பிலாவா?

ஷிஜுவா? ஜெயனா?

"திருத்தினது வந்துட்டு சார். புளிவிளாகம் வீடு. சரியல்லே?"

நம்பிக்குத் தலை சுற்றியது.

புளியா?

"எ... ஏட்டி! புளின்னு நான் எவன்ட்டயும் சொல்லலியே! ஷிஜுட்ட மா, ஜெயன்ட்ட பிலா... புளி எங்கேர்ந்து வந்துது?"

பொன்னம்மை நிதானமாக முந்தானையால் முகம் துடைத்தாள்.

"நான்தான் சொன்னேன். நேத்து சாயங்காலம். ஒரே ஒருத்தர்ட்ட."

"யாருட்ட?"

அவள் ஸ்டூலைப் பார்த்தாள்.

ஸ்டூலில் இருந்த சந்தன நெற்றி வியர்த்து, சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது!

"என்னை... என்னை ஏன் பாக்கறேள்? நேக்கு ஒண்ணும் தெரியாது..."

"நேத்து பேங்குப் படியில நின்னுட்டு இவுக எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்பிச்சாகளே சாமி, தெங்குவிளாகத்தையும் சேத்து! இவுக உங்களை வெளியாளாவே நினைக்கல. அதனால கணக்குல சேக்கல. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. வீட்டுப் பேர மாத்தியாச்சு, புளிவிளாகம்னு உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன்."

ஆடிட்டர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

தேங்காய் தட்டிக்கொண்டிருந்தவரின் கை அவர் தோளில் விழுந்தது.

"இரிக்கணும் சாரே. சைபர் ஸ்டேஷன் எஸ்.ஐ. ஷாஜி. நேத்து இந்த சேச்சி வந்து சொன்னப்போ ஞான் நம்பலை. சாரோட போனைக் கொஞ்சம் தாங்க."

வாட்ஸப்பில் இருந்தது. நேற்று மாலை ஆறு பத்துக்கு ஆர்ஷாவுக்குப் போன செய்தி. 'அட்ரஸ் மாறிட்டது. புளிவிளாகம்.' அதற்கும் மேலே, ஆறு மாதம் முந்திய செய்தியில், வீரபாண்டியின் பேர்!

ஷாஜி துணிப்பையைக் கவிழ்த்தார். கடைக்கணக்கின் இரண்டு நகல்கள் விழுந்தன. ஒன்றில் நிஜமான வியாபாரம். பேங்குக்குப் போன இன்னொன்றில் அதில் பாதி.

நம்பிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. லோனைக் கெடுத்ததே இவர்தான்! லோன் கிடைத்தால் கார்டுக்கு யார் ஏங்குவார்கள்?

"இருபது வருஷம் நம்ம வீட்டுல சாப்பிட்ட மனுஷன்டீ!" கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"அழாதிய. நிஜக் கணக்க எடுத்துட்டு ஜெயன்ட்ட ஓடுங்க."

ஓடினார். ஜெயன் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஷிஜு காப்பி வாங்கி வந்து தந்தான். அவன் முழி இப்போது ரொம்பச் சரியாக இருந்தது! வெள்ளிக்கிழமை மதியம் மூன்று லட்சம் கணக்கில் ஏறியது. சனிக்கிழமை சாவி நம்பியின் இடுப்பிலேயே இருந்தது.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க ஷாஜி கடைக்கு வந்தார். போகும்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஒரு சம்சயம் சேச்சி. உலகத்துல எத்தனையோ மரம் இருக்கே. ஆடிட்டருக்கு மட்டும் எதுக்குப் புளி?"

பொன்னம்மை தேங்காய்க்குச் சில்லறை எண்ணியபடியே நிமிர்ந்தாள்.

"மாட்டும்போது வயித்துல கரைக்க ஏதாச்சும் வேணும்லா சார்!"