ஈரம் தங்காத தரை

எனாமல் குவளை குளத்தின் அடியில் கிடந்தது.

முந்தின நாள் மாலை தங்கராஜு அதைக் குளத்து விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இப்போது அது உள்ளே, சிமெண்டுத் தரையில், வாயை மேலே திறந்தபடி நிமிர்ந்து நின்றது. பூனை தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் விளிம்பைத் தொட்டு நின்ற தண்ணீரும் இறங்கியிருந்தது. முழங்கை ஆழத்துக்கு மேல் குறைந்திருந்தது. அவ்வளவையும் பூனை குடித்திருக்க முடியாது.

குனிந்து மோந்து பார்த்தான். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு வாடை. சுண்ணாம்பை இழுப்பதற்காக அவன் ஊறப் போட்டிருந்த வாழைத்தண்டுகளின் துவர்ப்பு வாடை. இரண்டுக்கும் அடியில் இன்னொன்று, மெல்லியதாக, நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் வாயைத் திறந்தால் வருகிற வாடை.

கசிவு என்று முதலில் நினைத்தான். நினைக்கவே அவமானமாக இருந்தது. ஜாலான் புசார் தெருவில் ஹார்ட்வேர் கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு, வீட்டுக் கொல்லையில் மீன்குளம் கட்ட வருகிறவர்களுக்கெல்லாம் சிமெண்டு மூட்டையோடு சேர்த்துப் புத்திமதியும் விற்பவன் அவன். இளகின மண்ணில் தொட்டி கட்டாதீங்க, தரை கீழே போயிடும் என்பது அவன் எல்லாரிடமும் சொல்கிற முதல் வாக்கியம். தன் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டி எடுத்தபோது மட்டும், ஓர் இடத்தில் மண் புட்டு மாதிரி உதிர்ந்து வந்ததும் அதிர்ஷ்டம் என்று எண்ணி அங்கேயே தோண்டினான். அந்தக் குவளையும் அந்த மண்ணிலிருந்து வந்ததுதான். விளிம்பில் துரு, அடியில் ஒரு நசுங்கல். தேய்த்துக் கழுவியதில் உபயோகத்துக்கு ஆயிற்று.

குளம் மனைவி கண்மணிக்காக. நிறைமாதமாக இருந்தவள் வளர்க்க மீன் வேண்டுமென்று கேட்டாள். ஆனால் அந்த வருஷம், அறுபத்து மூன்றில், மழை பொய்த்தது. ஊர் முழுக்கக் குழாயை முறைவைத்து அடைத்தார்கள். இனி குளம் மீனுக்கு அல்ல, பிள்ளைத் துணி அலசுவதற்கு என்றாகிவிட்டது. வாங்கி வைத்த இரண்டு தங்கமீன்களும் அடுக்களை ஜன்னலில் ஜாம் பாட்டிலுக்குள் நின்று, வாயைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்மணி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள்.

"குளத்துல தண்ணி இருக்குல்ல?" என்று அன்று பார்க்கப் போனபோது கேட்டாள். "வீட்டுக்கு வந்தா ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் தெரியுமா உங்க மக? இங்க நர்ஸே சிரிக்கிறாங்க."

"இருக்கு" என்றான்.

தரையைத் தடவிப் பார்த்தாயிற்று. கீறல் இல்லை. கீறல் இல்லாமல் தண்ணீர் போகிறதென்றால் யாரோ எடுக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒலி முகம்மது குடியிருந்தார். முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். குழாய் அடைத்த நாளிலும் அவர் கடை மூடியதில்லை.

"பாய், உங்க தேத்தண்ணியில இப்பல்லாம் பாசி வாசம் வருதாமே?"

ஒலி முகம்மது உலரப் போட்ட கைலியை மடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "என் தேத்தண்ணி குடிச்சவன் எவனும் இதுவரைக்கும் நீஞ்சிப் போகல. என்ன விஷயம், நேரா சொல்லுங்க."

"என் குளத்துத் தண்ணி இறங்குது. இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் நீங்க."

"அப்ப நான் திருடன்." அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "ஊரே வாய் வறண்டு கிடக்குது, நீங்க கொல்லையில குளம் கட்டி வெச்சிருக்கீங்க. அதுவும் கண்ணு பட்டுடும்னு சுத்தித் தகரம் அடிச்சு. யாருக்குத் தெரியும் உள்ள குளமா குதிரையான்னு? போங்க லா."

மறுப்பில் பதற்றம் இல்லை. பழகின திருடன் பதறமாட்டான் என்று தங்கராஜு எண்ணிக்கொண்டான். அன்று குழாயில் தண்ணீர் வந்ததும் குளத்தை மறுபடி நிரப்பினான். தகரத்தை ஒட்டி, வேலியோரம் நெடுக, உலர்ந்த சிமெண்டுப் பொடியைக் கோலமாவு போலத் தூவினான். கால் வைத்தால் தடம் பதியும். காலைப் பனியில் இறுகி அங்கேயே நிற்கும்.

விடிந்து போய்ப் பார்த்தான். சிமெண்டுப் பொடி மெல்லிய ஏடாக இறுகியிருந்தது. ஒரு காக்கைத் தடம்கூட இல்லை.

குளத்தில் தண்ணீர் இல்லை. ஈரமும் இல்லை. பட்டப்பகல் வெயில் அடித்த தார்ச்சாலை மாதிரி தரை வெளிறிக் கிடந்தது. வாழைத்தண்டுகளைக் கையில் எடுத்தான். எடையே இல்லை. நார் நாராகப் பிரிந்து, கடித்துச் சாறு உறிஞ்சித் துப்பிய கரும்புச் சக்கையாக இருந்தன. சக்கையின் ஓரங்களில் வளைவாக, சின்னச் சின்னப் பள்ளங்கள். சில பள்ளங்கள் மிகச் சிறியவை. குழந்தைப் பல் அளவு.

குவளை நடுவில் நிமிர்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து தலைமுடி போல ஒரு கீறல் புறப்பட்டு, சுவரேறி, விளிம்பைத் தாண்டி, வீட்டுப் பக்கமாகப் போயிருந்தது.

சக்கையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான். ஒலி முகம்மது அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே போட்டுவிட்டுக் கையைக் கைலியில் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

"எந்த இடத்துல தோண்டினீங்க?"

தங்கராஜு காட்டினான்.

"அங்கயா?" அவர் சக்கையைக் காலால் தள்ளிவிட்டார். "நான் இங்க வந்தது சண்டை முடிஞ்ச பிறகு. முன்ன இருந்தவன் சொன்னதுதான். சப்பான்காரன் குண்டு போட்டப்ப அந்த இடத்துல பதுங்குகுழி வெட்டி வெச்சிருந்தாங்களாம். புள்ளகுட்டியோட ஒரு குடும்பமே உள்ள இறங்குச்சாம். பக்கத்துல குண்டு விழுந்து குழி வாய் மூடிக்கிச்சு. உள்ளருந்து தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அப்புறம் கேக்கலையாம். மேல மண்ணத் தள்ளிச் சமப்படுத்திட்டாங்க."

"தோண்டறப்பவே ஏன் சொல்லல?"

"தகரத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் எட்டிப் பாத்திருந்தா, அதுக்கும் திருடன்னுதானே சொல்லியிருப்பீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "தவிச்ச வாய்க்குத் தண்ணி ஊத்துறது புண்ணியம் தம்பி. ஆனா ஊத்திப் பழக்கிட்டு நிறுத்தினா..." முடிக்காமல் உள்ளே போய்விட்டார். போகிறபோது, காயப்போட்ட துணிகளையும் வாரிக்கொண்டு போனார்.

தங்கராஜு நம்பவில்லை. குற்றத்தை மறைக்கப் பேய்க்கதை சொல்கிறான் என்று கடைக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அரைநாள் லீவு போட்டுத் திரும்பி வந்தான். குவளையைக் குளத்துக்குள்ளேயே போட்டு, தோண்டின மண்ணை அதன்மேல் தள்ளி, திமிசு போட்டு இறுக இடித்தான். கீறலை அடுக்களை வாசல்வரை சிமெண்டுக் கூழால் அடைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மண்ணில் சிந்தாமல் பார்த்துக்கொண்டான். வியர்வை மட்டும் சிந்தியது. அது விழுந்த இடத்தில் மண் கறுக்கவில்லை.

அடுக்களைப் பீப்பாயைக் கழுத்துவரை நிரப்பிப் பலகை போட்டு மூடினான். கண்மணி வந்தாள்.

டாக்சியிலிருந்து இறங்கும்போதே குழந்தை அழுதுகொண்டிருந்தது. நல்ல கெட்டிக் குரல். குளத்தை மூடியதற்குக் கண்மணி கோபித்துக்கொண்டாள். கசிவு என்றான். "ஊருக்கெல்லாம் குளம் கட்டச் சொல்லிக் கொடுப்பீங்க, உங்க குளத்துல கசிவாக்கும்" என்று சிரித்தாள். சாயங்காலம் வெந்நீர் வைத்துக் குழந்தையைத் துடைத்தாள். எழும்போது கால் இடறி பேசின் கவிழ்ந்தது. தண்ணீர் தரையெல்லாம் பரவியது. துணி எடுக்க ஓடினவன் திரும்பி வந்தபோது கண்மணி குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"துடைக்க வேணாங்க. நல்ல தரை. அதுவே காஞ்சிடுச்சு."

தரையைத் தொட்டான். உலர்ந்திருந்தது. சூடாக இருந்தது.

பிறகு அவள் ஸ்பிரிங் தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "வந்ததுலருந்து ஒரு துணிகூட நனைக்கல உங்க மக. சமத்து. எனக்குத்தான் பால் கட்டுன மாரு திடீர்னு லேசாயிடுச்சு. தண்ணி கொஞ்சம் கொண்டாங்க. நாக்கு ஒட்டுது."

அவன் அடுக்களைக்குப் போனான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கோ ஒரு வானொலி பாடியது, நின்றது. ஜன்னலில் ஜாம் பாட்டில். பாட்டிலில் தண்ணீர் இல்லை. அடியில் இரண்டு தங்கமீன்களும் நெத்திலிக் கருவாடாக ஒட்டிக்கிடந்தன. வாய்கள் திறந்திருந்தன.

பீப்பாயின் பலகை அசையாமல் இருந்தது. நகர்த்தினான்.

வறண்ட மரம். அடியில் எனாமல் குவளை. நிமிர்ந்து நின்றது.

பின்வாங்கினான். காலின் கீழே கரகரத்தது. வாசலில் பூசிய சிமெண்டுக் கூழ் பொருக்காக உடைந்து கிடந்தது. கீறல் அதைத் தாண்டியிருந்தது. அடுக்களையைத் தாண்டியிருந்தது. அறைக்குள் போயிருந்தது.

"கண்மணி."

உதடுகள் வெடித்து, பாளமாக வெளுத்து, அவள் மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. உலர்ந்த இலை உரசுகிற மூச்சு.

தொட்டில் ஸ்பிரிங் முனகியது. மேலும் கீழும். யாரும் ஆட்டவில்லை. கீழிருந்து இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு.

குழந்தை அழவில்லை. அழுகிற முகம்தான். சத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

தொட்டிலுக்கு நேர் கீழே கீறல் பல கிளையாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தரை கொஞ்சம் உப்பி, நடுவில் பிளந்திருந்தது. பெரியது. அதைவிடச் சிறியது. மிகச் சிறியது. எல்லாம் மேல்நோக்கி.

குழந்தையின் வாய் திறந்தபோது அவையும் திறந்தன. மூடியபோது மூடின.