அவள் நாற்காலி

டிசம்பர் மாதத்து மதியம் ஒன்றில் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு புத்தகத்தின் புரூஃப் தாள்களை நனையாமல் கோட்டுக்குள் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து மழையைப் பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பாதையின் இரு பக்கமும் சிலேட்டுப் பலகைக்கல் சுரங்கத்தின் கழிவுக் குன்றுகள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. குன்றுகள் முடியும் இடத்தில் வீடு.

கதவைத் திறந்தது மென்னா அக்கா. ஓவியர் எலிஸ் டுட்வாலின் தம்பி மகனைக் கட்டியவர். ஓவியர் போன பிறகு வீடும் ஓவியங்களும் அவர் பொறுப்பில்.

"உங்கப்பன் மாதிரியே கதவைத் தட்டாம நிக்கிறியேப்பா. நாய் குலைக்கலைன்னா விடியுற வரைக்கும் நின்னிருப்ப போல."

"மணி எதையும் காணோமேக்கா."

"தபால்காரன் தொல்லை தாங்காம நான்தான் பிடுங்கிப் போட்டேன். காலை உதறிட்டு வா. இளைச்சுப் போயிட்ட யெஸ்டின். சாப்பிடறியா இல்லியா?"

"சாப்பிடறேன்."

"மூஞ்சியே சொல்லுது."

மாரெட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மாரெட் என் மனைவி. மார்ச்சில் இறந்தாள். அவள் எழுதிய ஒரே புத்தகம் அச்சுக்குக் காத்திருந்தது. நவீன வேல்ஸ் ஓவியர்களைப் பற்றிய புத்தக வரிசையில் எலிஸ் டுட்வாலுக்கு உரியது. பதிப்பகத்தில் ரியன் என்ற பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். மாரெட் இடத்தில் நான்தான் கடைசியாகப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று போன் செய்தாள். நான் அந்த வீட்டுக்குப் போன அன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். மறுநாள் அச்சு ஓடும்.

எனக்கு இரண்டு வேலை. அட்டைப் படத்தின் நிறம் அசல் ஓவியத்தோடு ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஒன்று. ஓவியத்தின் தலைப்பைச் சரிபார்ப்பது இன்னொன்று.

தலைப்பில்தான் சிக்கல்.

எங்கள் வேல்ஸ் மொழியில் அவனுடைய, அவளுடைய என்பதற்கு ஒரே சொல்தான். 'எய்'. ஆணா பெண்ணா என்பது அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலியில் தெரியும். 'எய் கடைர்' என்றால் அவன் நாற்காலி. 'எய் ஃகடைர்' என்றால் அவள் நாற்காலி. தொண்டையில் ஓர் உரசல். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாரெட் தெற்கே, ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டில் வளர்ந்தவள். என்னைக் கட்டிய பிறகுதான் இந்த மொழியைக் கற்றாள். கற்பவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். இதுவரை வந்த எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் அந்த ஓவியம் 'எய் கடைர்'. ஓவியரின் நாற்காலி. மாரெட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் 'எய் ஃகடைர்' என்று இருந்தது. உள்ளேயும் எல்லா இடத்திலும் அப்படியே.

மொழி தெரிந்தவர்கள் அட்டையைப் பார்த்ததும் சிரிப்பார்கள். இறந்தவள் என்பதால் சத்தமில்லாமல் சிரிப்பார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவளுக்காக நான் செய்ய மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

"டீ போடறேன்," என்றார் மென்னா அக்கா. "நீ உள்ள போ. வெளிச்சம் போயிடும்."

ஓவியரின் அறை வீட்டின் பின்பக்கம். வடக்கே பார்த்த பெரிய ஜன்னல். ஆளி எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் வேறொரு வாசனை, மூடி வைத்த துணிப்பெட்டியைத் திறந்தது போல. சுவரில் ஓவியம் இருந்தது. அதற்கு நேர் கீழே அந்த நாற்காலியும் இருந்தது.

அதே நாற்காலி. கைப்பிடி வைத்தது. கோரை பின்னிய இருக்கை நடுவில் குழிந்திருந்தது.

டுட்வால் தூரிகையைத் தொடாதவர். வண்ணத்தைக் கத்தியால் அப்பி அப்பிக் கட்டுவார். சாம்பல், பாசி, ஈரக்கல்லின் நீலம். ஓவியத்தில் சமையலறை, வெறும் நாற்காலி, அதன் பின்னால் சுவர். மனிதர்களை அவர் வரைந்ததே இல்லை. இந்த ஓவியத்தின் முன்னால்தான் மாரெட் ஒரு கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள்.

தாளை ஓவியத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் சரி. நாற்காலியின் முதுகில் மட்டும் அச்சில் கொஞ்சம் இருட்டு கூடியிருந்தது. மை கொஞ்சம் கூடியிருக்கும். ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஓவியத்தை இறக்கி, திருப்பினேன். துணியின் பின்னால் பென்சிலில் தலைப்பு. டுட்வாலின் கையெழுத்து தெளிவாக இருந்தது.

எய் கடைர்.

ஆக, மாரெட்தான் தவறு. எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஓவியத்தை மாட்டினேன். ஜன்னல் திட்டில் தாள்களை வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 'ஃ' எழுத்தை அடித்துவிட்டு, சரியான ஒலி வருகிறதா என்று வாய்விட்டுப் படித்தேன்.

"எய் கடைர்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"டீயை அங்கயே வச்சிடுங்கக்கா," என்றேன், திரும்பாமல்.

கோப்பை வைக்கும் சத்தம் வரவில்லை.

திரும்பினேன். அறையில் யாரும் இல்லை. மழைநீர்க் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தமாக இருக்கலாம். அடுத்த தாளை எடுத்தேன். அடித்தேன். படித்தேன்.

"எய் கடைர்."

"ஃக."

செருமல் இல்லை அது. ஓர் எழுத்து. வயதான பெண் தொண்டை. வகுப்பில் தப்பாகப் படிக்கும் பிள்ளையைத் திருத்துவது போல, பொறுமையாக.

ஒன்பது மாதமாக என் உடம்பு எதற்கும் எதுவும் செய்வதில்லை. விரல் நுனிகள் மட்டும் குளிர்ந்தன.

கதவருகே கோப்பை குலுங்கியது. மென்னா அக்கா தட்டோடு நின்றிருந்தார். தட்டில் திராட்சை ரொட்டி. அவர் உள்ளே வரவில்லை.

"நீயா இருமின?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல."

"நானும் இல்ல."

இருவரும் நாற்காலியைப் பார்த்தோம்.

"அக்கா, இதுல யாரு உக்காருவா?"

"யாரும் உக்கார மாட்டாங்க. எலிஸ் மாமாவோட நாற்காலின்னு புத்தகம் புத்தகமா எழுதறாங்க. அந்த மனுசன் செத்தாலும் அதுல உக்கார மாட்டாரு. நின்னுட்டே வரைவாரு, நின்னுட்டே சாப்பிடுவாரு. நான் ஒரு தடவை தெரியாத்தனமா உக்காரப் போனேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. ஆள் இருக்குன்னாரு."

"யாரு?"

"கேட்டேன். சொல்லல."

"பின்னால அவர் கையால அவன் நாற்காலின்னுதானே எழுதியிருக்காரு?"

"அவள்னு எழுத பயந்திருப்பாரு," என்றார். தட்டைத் தரையில் வைத்தார். "உன் பொண்டாட்டி பயப்படல. தெக்கத்திக்காரிக்கு ரொம்பத்தான் தைரியம்னு அப்பவே கேலி பண்ணேன். அட்டையில தப்பா எழுதாதடி, ஊரே சிரிக்கும்னேன். தப்பில்லக்கா, அப்படித்தான் எழுதச் சொன்னாங்கன்னு சொன்னா."

"யாரு சொன்னாங்களாம்?"

மென்னா அக்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தார். ஈரம் இல்லாத கையை.

"அந்த எழுத்து அவளுக்கு வராதில்ல? இங்க உக்காந்து சொல்லிச் சொல்லிப் பழகுவா. நான் அடுப்படியில கேட்டுச் சிரிச்சுட்டிருப்பேன். ஒரு குரல் சரியாச் சொல்லும், அப்புறம் அவ தப்பாச் சொல்லுவா. போன்ல நீதான் சொல்லித் தர்றேன்னு நினைச்சேன் தம்பி."

நான் சொல்லித் தந்ததில்லை. இந்த வீட்டுக்குள் செல்போனில் சிக்னல் எடுக்காது.

வெளியே மேகம் இறங்கியது. ஓவியத்தில் நாற்காலியின் முதுகு இருட்டிக்கொண்டு வந்தது. அச்சில் இருந்த அளவுக்கே.

பேனா இன்னும் கையில் இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மூன்றாவது முறையும் சொன்னேன்.

"எய் கடைர்."

"எய் ஃகடைர்," என்றது முதிய குரல். நாற்காலியிலிருந்து. இந்த முறை முழுவதுமாக.

மென்னா அக்கா என் கோட்டைப் பிடித்தார்.

பிறகு இன்னொரு குரல்.

"எய் ஹடைர்."

உரசல் இல்லை. வெறும் மூச்சு. மாரெட்டின் வாயில் அந்த எழுத்து எப்போதும் மூச்சாகத்தான் வரும். சமையலறையில், காரில், ஆஸ்பத்திரிப் படுக்கையில். உலகத்தில் வேறு யாரும் அதை அப்படித் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

"எய் ஃகடைர்."

"எய் ஹடைர்."

"எய் ஃகடைர்."

பாடம் நடந்துகொண்டிருந்தது.

"போயிடலாம் வா," என்றார் மென்னா அக்கா. "தம்பி. வா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். நான் அடித்த சொற்கள் தாளில் சிவப்பாகக் கிடந்தன. புத்தக வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தவறுதலாக அடித்ததைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் கீழே புள்ளி வைக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று பொருள்.

ஒவ்வொரு சொல்லின் கீழும் புள்ளி வைத்தேன். கடைசித் தாளில் வைத்து முடித்ததும் குரல்கள் நின்றன.

நடையில் இருந்த வீட்டு போனில் ரியனைக் கூப்பிட்டேன்.

"அட்டைத் தலைப்பு அப்படியே இருக்கட்டும். நிறத்தையும் மாத்த வேண்டாம்."

"யெஸ்டின், யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கடைக்கு வந்த அன்னிக்கே விமர்சகருங்க கிழிச்சுடுவாங்க. கத்துக்கிட்டவ பண்ண தப்புன்னுவாங்க."

"தப்பு இல்ல. தெரிஞ்சுதான் எழுதியிருக்கா."

"பின்னால ஓவியர் என்ன எழுதியிருக்காரு?"

"அவர் எழுதினது எதுவா இருந்தா என்ன? இது அவ புத்தகம்."

"சரி," என்றாள். "நாளைக்கு ஓட்டிடறோம்."

மென்னா அக்கா வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"நீங்க இங்கயேவா இருக்கப் போறீங்க?" என்றேன்.

"எங்க போக? அது இத்தனை வருசமா இருக்கு, ஒண்ணும் பண்ணினதில்ல." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா அப்ப ஒருத்திதான் இருந்தா."

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. காரில் ஏறி இஞ்சினைப் போட்டேன். என்னைக் கேலி செய்யட்டும், அவளைச் செய்யட்டும், அந்தச் சொல் அப்படியே நிற்கும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை. அந்த அறையில் இருந்தபோது, அவள் தப்பாகச் சொன்னதைக் கேட்ட அந்தச் சில நொடிகளில் மட்டும், நெஞ்சில் என்னவோ அசைந்தது. இப்போது அதுவும் இல்லை. காருக்குள் வைப்பர் சத்தம் மட்டும்.

கழிவுக் குன்றுகளுக்கு நடுவே வந்தபோது பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

சீட்டில் ஒன்றும் இல்லை. தாள்களும் ரொட்டியும் என் மடியில் இருந்தன.

விளக்கு அணையவில்லை. டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கியது.

வண்டியை ஓரம் கட்டினேன். கையை நீட்டி, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். பெல்ட் சீட்டின் மேல் படியவில்லை. ஓர் ஆளின் அளவுக்குத் தள்ளி நின்றது.

சத்தம் நின்றது.

இன்னொரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது. அந்தத் தப்பை. அந்த மூச்சை.

"எய் கடைர்," என்றேன்.

பின் சீட்டிலிருந்து, கழுத்துக்கு மிக அருகில், முதிய குரல் திருத்தியது.

"எய் ஃகடைர்."

பக்கத்து சீட்டைப் பார்க்காமல் காத்திருந்தேன்.

"எய் ஃகடைர்," என்றாள் மாரெட்.

தொண்டையில் கச்சிதமாக உரசியது. உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட அவளுக்கு வராத எழுத்து.

கண்ணாடிகளில் உள்ளிருந்து ஆவி படிந்தது, என் மூச்சுக்கு மட்டும் படிவதைவிட வேகமாக.

அடுத்துச் சொல்வது என் முறை என்று இருவரும் காத்திருந்தார்கள்.