இரண்டாம் சலாம்

தொழுகையில் ருகூஉவுக்குக் குனிந்து நிமிர்ந்தபோது முஹ்சினாவின் துப்பட்டி சரசரத்தது. அவள் நிமிர்ந்து அசையாமல் நின்றபின், முதுகுக்குப் பின்னால் அதே சரசரப்பு இன்னொரு முறை கேட்டது.

கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, எங்கேயோ மடிப்புப் பிரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நெற்றியைத் தரையில் வைக்கச் சஜ்தாவுக்குப் போனாள். முழங்கால்கள் தரையில் பட்டன. கொஞ்சம் பிந்தி, பின்னாலும் இரண்டு முழங்கால்கள் பட்டன.

பேகம்பூரில் அந்த வீட்டின் உள்ளறைக்கு ஜன்னல் ஒன்றுதான். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அந்தி சாய்ந்தால் தோல் கிடங்குகளின் ஈர வாடையும், தெருமுனையில் தம் போட்ட பிரியாணியின் நெய் மணமும், டவுன் பஸ் புகையும் ஒன்றாகக் கலந்து அந்த இடுக்கு வழியே மெல்ல உள்ளே இறங்கி, விடியும்வரை வெளியே போக வழி தெரியாமல் மூலைகளில் தேங்கி நிற்கும். முஹ்சினாவும் அப்படித்தான் அங்கே கிடந்தாள்.

ஒருநாள் தொழுது முடித்துக் கையேந்தியவளுக்கு, எதிரே கேட்க யாருமே இல்லை என்று பட்டது. அதற்கு முன்னாலா பின்னாலா தெரியவில்லை, சோறு இறங்காமல் போயிற்று, தூக்கம் போயிற்று, தலை சீவக் கை தூக்குவதே மலையேற்றமாயிற்று. ஈமான் போனதால்தான் நோய் வந்தது என்றார் மாமியார் நர்கீஸ். நோய் வேறு, நம்பிக்கை வேறு என்றார் டாக்டர்; மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மத்தியானம் அந்த மாத்திரைகளை அவள் கை நிறைய அள்ளிவிட்டாள். மாமி கதவைத் தள்ளி வந்ததால் உயிர் தங்கியது. அதன்பின் மாத்திரையைப் பூட்டி வைத்து வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்ல, கணவன் ரஃபீக் சவுதிக்கு விமானம் ஏறுமுன் பீரோவுக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கி மாட்டினான். பூட்டுக்குப் பேர்போன ஊர் அல்லவா, சாவியில்லாமல் அதை யாராலும் அசைக்க முடியாது.

மாமி கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். மருமகளின் உடம்போடு ஆகிரத்தையும், அந்த மறுமை வாழ்வையும் சேர்த்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. டாக்டர் சொல்லாத ஒரு நிபந்தனையை அவரே சேர்த்துக்கொண்டார்.

"இராத்திரி இஷாவைத் தொழுதுட்டு வா புள்ள. மாத்திரைய எடுத்துத் தாரேன்."

அந்த மாத்திரை பழகிய பிறகுதான் முஹ்சினாவுக்குச் சோற்றில் உப்பு தெரிந்தது, காலையில் எழுந்து உட்கார முடிந்தது. அது இல்லாமல் போனால் அந்த மத்தியானம் மறுபடி வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தொழுதாள். தொழுகிறேன் என்று மனதில் நிய்யத் வைக்கவில்லை, ஒரு வரி ஓதவில்லை. உடம்பு மட்டும் குனிந்து, நிமிர்ந்து, உட்கார்ந்தது. கூடத்துக் கட்டிலில் இருந்து மாமி பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாளும் சரசரப்பு வந்தது. அதற்கடுத்த நாளும். கூட்டாகத் தொழும் ஜமாஅத்தில் முன்னால் நிற்பவர் குனிந்த பிறகுதான் பின்னால் நிற்பவர்கள் குனிவார்கள். சிறு வயதிலிருந்து அவள் காதுக்குப் பழகிய இடைவெளி அது. பின்னால் இருப்பது எதுவோ, தன்னைப் பின்பற்றித் தொழுகிறது என்று அவளுக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தால் தொழுகை முறிந்துவிடும். நம்பாதவளுக்கு எந்தத் தொழுகை முறியும்? ஆனாலும் கழுத்து திரும்பவில்லை. அவ்வளவு பயம்.

டாக்டர் போனில் விசாரித்தார். குரல் ஏதும் கேட்கிறதா என்றார். இல்லை என்றாள். துணிச் சத்தத்தைக் குரல் என்று எப்படிச் சொல்வது? மாமியிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மாத்திரையால்தான் இந்தக் கோளாறு என்பார், நிறுத்திவிட்டு ஓதிப் பார்க்கக் கூட்டிப் போவார். சொன்னால் மாத்திரை போயிற்று, சொல்லாவிட்டால் இதோடு தொழுகை. இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள்.

ஒரு காலையில் அறையைக் கூட்டிய மாமி கேட்டார்.

"ஒருத்தி தொழுக எதுக்குடி ரெண்டு பாய் விரிக்கிற?"

முஹ்சினா விரித்தது ஒன்றுதான்.

அன்று இரவு இஷாவுக்குக் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டியபோது பின்னால் சத்தமில்லை. போய்விட்டது என்று நெஞ்சு ஒரு கணம் இளகியது. பிறகு வலது தோளில் ஏதோ உரசியது. பின்பற்றுபவர் ஒருவர் மட்டும் என்றால் பின்னால் நிற்பதில்லை, வலப்பக்கம் ஒட்டி நிற்பார். அதற்கு முறை தெரிந்திருந்தது. கடைக்கண்ணில் வெள்ளைத் துணி. கற்பூரமும் ஈரமண்ணும் கலந்த வாடை. அவள் குனிந்தாள். அது குனிந்தது. அவள் நெற்றி பாயில் பட்டது. அதன் நெற்றியும் பட்டது.

கடைசி இருப்பு. இனி சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்க வேண்டும். முதலில் வலப்பக்கம் முகம் திருப்ப வேண்டும்.

திருப்பவில்லை.

"முடிஞ்சுதா புள்ள? தூக்கம் கண்ணக் கட்டுது எனக்கு," என்றார் மாமி கூடத்திலிருந்து. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மாத்திரை அட்டை நெரிபடும் சத்தம்.

அந்தச் சத்தத்துக்காகத் திரும்பினாள். வலப்பக்கம்.

துப்பட்டி மூடிய தலை. ஒரு கணம் பிந்தி அதுவும் வலப்பக்கம் திரும்பியது. அவளுக்குத் தெரிந்தது பின்னந்தலை மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. அடுத்த சலாம் இடப்பக்கம். இவள் இடப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பும். இவளை நோக்கி.

அப்படியே இருந்தாள். கழுத்து வலித்தது. இரண்டாம் சலாம் கொடுக்காதவரை அதற்கு முகம் கிடையாது. இப்படியே இருந்துவிடலாம். மாமி வந்துவிடுவார். இதோ, காலடிச் சத்தம்.

வெள்ளைத் தலை மெல்ல அசைந்தது. அவள் திரும்பவில்லை. அதுவும் காத்திருக்கவில்லை. இடப்பக்கம் திரும்பியது.

அவள் முகம்தான். நோய்க்கு முந்திய முகம். கன்னத்தில் தண்ணீர் வழிய, உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. அவள் மாதக்கணக்காகச் சொல்லாத ஒவ்வொரு சொல்லையும் நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தன. கண்கள் அவளைப் பார்த்தன. அது சலாம் சொன்னது.

வாசலில் மாமி. ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. அவர் பார்வை முஹ்சினாவைத் தாண்டிப் பக்கத்தில் போய் நின்றது.

"முகமே தெளிஞ்சிருக்கே புள்ள."

"இனிமே மாத்திரை வேணாம் மாமி," என்றது அது, முஹ்சினாவின் குரலில். "மனசு லேசாயிருச்சு."

மாமி அழுதார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதன் நெற்றியை முத்தமிட்டு, கையைப் பிடித்து எழுப்பினார்.

மாமி, நான் இங்கே இருக்கிறேன். வாய் திறக்கவில்லை. கழுத்து இடப்பக்கம் வரவில்லை. முடிக்காத தொழுகையில் உடம்பு கல்லாய் உட்கார்ந்திருந்தது. மாமி விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார். கூடத்தில் பீரோ மூடும் சத்தம். பூட்டில் சாவி திரும்பியது. ஒரு முறை. இன்னொரு முறை.

வெளியே தட்டு வைத்தார்கள். சோறு போடக் குனிந்தபோது அதன் துப்பட்டி சரசரத்தது.

இருட்டில், ஒரு கணம் பிந்தி, முஹ்சினாவின் உடம்பும் தானாகக் குனிந்தது.