கஞ்சி போட்ட சேலை

“உங்கம்மா சேலைய ஒழுங்காச் சொருகியிருந்தாகளா, பாப்பா?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் குனிந்து நின்று ஓர் ஏட்டு அப்படிக் கேட்டபோது வின்சிக்கு ஏழு வயது. அவள் தோளில் அப்பாவின் கை இருந்தது. அது அழுத்தவில்லை, சும்மா இருந்தது. அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஏட்டு எழுதிக்கொண்டார். அம்மாவின் சாவு அன்றோடு அம்மாவின் தவறாகிப்போனது. கல்லறைத் தோட்டத்தில் அம்மா வியாகுலத்தின் மேல் மண் தள்ளும்போதுகூட அதைத்தான் பேசினார்கள். வியாகுலத்துக்கு எப்பவும் அவசரம், முந்தானை எங்கே கிடக்கிறதென்று பார்க்க மாட்டாள்.

பதினோரு வருஷம் தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த, அம்மா விழுந்து செத்த அந்தப் புல்லட்டை, இந்தச் சித்திரையில் அப்பா ஜோசப் ராஜ் வெளியே இழுத்தார். நாச்சியாபுரத்துப் பவுலின் டீச்சரை அவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவளைப் பஸ்ஸில் வரவிடாமல், தன் வண்டியில் வைத்துக் கூட்டிவர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பவுலின் டீச்சர் ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்று, அடுப்படியில் வளர்ந்து, ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற வின்சியைத் தேடி வந்து, “என்னையச் சித்தின்னு கூப்பிடணும்னு இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரிதான்” என்றாள். அதன்பிறகு அந்தப் பெயரை வின்சி தனியாக இருக்கும்போது நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

மெக்கானிக் காஜா மைதீன் வீட்டுக்கே வந்து வேலை பார்த்தார். இறுகிப்போன எஞ்சினுக்குள் டீசல் ஊற்றி ஊறவிட்டார். டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துரு எடுத்தார். பின் சீட்டுக்குப் புது ரெக்ஸின் போட்டார். மூன்றாம் நாள் பின்சக்கரத்தைக் கழற்றினார்.

“ஆத்தா, இங்குட்டு வா. உங்க வீட்டு எலி என்ன, தறி போட்டு நெய்யுதா?”

சக்கரத்தின் நடுவே நூல் சுற்றிக் கிடந்தது. கடுகு மஞ்சளும் அரக்கும் கலந்த கண்டாங்கிச் சேலை நூல். காஜா மைதீன் ஒரு இழையை உருவிப் பார்த்தார். “பதினோரு வருசத்து நூல்னா தொட்டாப் பொடியணும். இது வெறப்பா நிக்குது. கஞ்சி போட்டாப்ல.”

வின்சி குனிந்தாள். டீசலுக்கும் கிரீஸுக்கும் வெந்த தகரத்துக்கும் அடியில், வடித்த கஞ்சி லேசாகப் புளித்து வெயிலில் காய்கிற வாசம் மெல்ல மேலே வந்தது. பூசைக்குக் கட்ட வேண்டிய சேலையை அம்மா சனிக்கிழமைதோறும் கஞ்சியில் முக்குவாள். அவளுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதற்கும் கஞ்சி போட்டதில்லை.

காஜா மைதீன் பிளேடால் அறுத்து எறிந்தார். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த சக்கரத்தில் மறுபடியும் நூல். முந்தின நாளைவிட அதிகம். ஈரம்.

“சாவி யார்ட்ட இருந்துச்சு?”

“என்ட்டதான், மாமா.”

அவர் அதன்பிறகு எலியைப் பற்றிப் பேசவில்லை. சக்கரத்தை மாட்டிவிட்டு, சேலை சிக்காமலிருக்க அதன் இடப்பக்கம் மாட்டுகிற இரும்புத் தட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த சாரி கார்டுல ஒரு கீறல் இல்லையே. இதத் தாண்டிச் சேலை போயிருந்தா இது வளைஞ்சுல்ல இருக்கணும்? அப்ப உங்கம்மா…”

“அத மாட்ட வேணாம், பாய்,” என்றார் வாசலில் நின்ற அப்பா. “பால்காரன் வண்டி மாதிரி இருக்கு.”

அதே வார்த்தைகள். பதினோரு வருஷத்துக்கு முன்பும் அதைச் சொல்லித்தான் தட்டியைக் கழற்றினார். மறுநாள் ஓடுகிற வண்டியில் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த வின்சிக்கு முதலில் கேட்டது சேலை கிழிகிற சத்தம். போலீஸ் வண்டியைப் பார்க்க வருவதற்குள் அவர் தட்டியைத் திரும்ப மாட்டினார். அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து, இரண்டு போல்ட்டுகளையும் உள்ளங்கையில் வைத்திருந்தவள் அவள்தான். வெயிலில் கிடந்தவை. சுட்டன.

“மாட்டுங்கப்பா,” என்றாள் வின்சி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “டீச்சர் சேலைதான் கட்டுவாக.”

அப்பா சிரித்தார். “சொருகத் தெரிஞ்சவளுக்கு அது எதுக்கு? நீதானே சொன்னே அன்னைக்கு.”

இரண்டு போல்ட்டுகளையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். காஜா மைதீன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு சாமான்களை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. தெருவில் நாய்கூட நிழலைவிட்டு எழவில்லை. அப்பா குளிக்கிற சத்தம் கேட்டது. போல்ட் இல்லாவிட்டால் என்ன, தட்டியை முறுக்கிக் கட்டிவிடலாம் என்று ஒரு முழம் கட்டுக்கம்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வின்சி கொட்டகைக்குப் போனாள். தகரம் வெயிலில் விரிந்து டொக்கென்றது. வாசலைத் தாண்டுமுன்பே வாசம் வந்துவிட்டது. அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியது போலக் கஞ்சி வாசம்.

நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. யாரோ விரலால் தள்ளிவிட்டாற்போல. டிக். டிக். டிக். பின் சீட்டின் புது ரெக்ஸினில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நடுவில் இல்லை. இடதுபக்கமாக. சேலை கட்டியவள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்தால் விழுகிற பள்ளம். அவள் கை வைத்தாள்.

ஈரம். சூடு.

கம்பி கீழே விழுந்தது.

அப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். “தள்ளு. நாலரைக்கெல்லாம் வந்துருவோம். காப்பிக்குப் பால் வாங்கி வையி.” ஸ்டாண்டை எடுத்தார். ஒரே உதை. புல்லட் உறுமியது. அவர் இன்னும் ஏறவில்லை. பின் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

வண்டி தெருவில் இறங்கியது. வெயில் பட்டதும் வின்சிக்குத் தெரிந்தது.

கடுகு மஞ்சள் கண்டாங்கி. ஒருபக்கமாக உட்கார்ந்த முதுகு. இடுப்பில் முந்தானை அழுத்திச் சொருகியிருந்தது. ஒரு விரற்கடைகூட வெளியே தொங்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தான். அப்படியேதான்.

சொருகியிருந்ததைக் கை மெதுவாக உருவியது. அப்பாவின் கழுத்தைச் சுற்றி ஒருமுறை போட்டது. வியர்வை துடைப்பது போல. இன்னொரு முறை. ஒரு முடிச்சு. மிச்சம் இடதுபக்கம் தொங்கியது. வெறும் சக்கரத்தின் மேல்.

வேகத்தடை. வண்டி மெதுவானது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அப்பா என்று ஒரு வார்த்தை போதும். வின்சி வாயைத் திறந்தாள்.

உள்ளங்கை சுட்டது. விரித்தாள். இரண்டு போல்ட்டுகள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்த ஏட்டைப்போல, பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

வின்சி வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா முன்பக்கம் திரும்பினாள். வண்டி வேகமெடுத்து முக்கில் திரும்பியது. விறைப்பான சேலை முனை சக்கரக் கம்பிகளில் உரசுகிற சத்தம் மட்டும், சீட்டுக்கட்டைப் புரட்டுவது போல, தெரு முழுக்கக் கேட்டது.