கையெழுத்துப் போடச் சொன்னவள்

"எனக்கு வேண்டாம்! கொண்டு போ!"

மாமியார் தட்டைத் தள்ளிவிட்டதில் மூன்று மாத்திரைகளும் மூன்று திசைக்கு உருண்டன. மருமகள் குனிந்து பொறுக்கினாள். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவது, இதயத்துக்கான வெள்ளை மாத்திரை, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் கீழே விழுவதையெல்லாம் பொறுக்குகிற வேலை அவளுடையதுதான் என்பதால், வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

வேறு யாரும் என்றால், கூடத்தில் இருந்த கொழுந்தன் ஒருவன்தான். விமான டிக்கெட் ஏஜென்சி நடத்துகிறவன். காதுக்கு ஒன்றாக இரண்டு போன்களை வைத்துக்கொண்டு இரண்டிலும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். "சார், நான் டிக்கெட் விக்கிறவன் சார், பிளேன் ஓட்டறவன் இல்ல! என்னைத் திட்டினா அது பறந்துடுமா?"

டிவியில் நான்காவது நாளாக அதே செய்தி. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் நீடிக்கிறது, எல்லா விமானங்களும் ரத்து.

அந்தக் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவர் இந்த வீட்டு மூத்த பிள்ளை. திரையைப் பார்த்தபடி, எந்த விமானம் எந்த உயரத்தில் போக வேண்டும் என்று விமானிகளுக்குச் சொல்கிற வேலை. தம்பி அவருக்கு வைத்த பெயர் 'டவர்'. இப்போது டவர் விமான நிலைய வாசலில், கையில் கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மாமியாருக்கு வெள்ளிக்கிழமை இதய வால்வு ஆபரேஷன். வெளிநாட்டில் வாக்கப்பட்டிருக்கும் கடைக்குட்டிப் பெண் ஞாயிற்றுக்கிழமையே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்று செவ்வாய். வரவில்லை. எப்படி வருவாள்?

"என் பொண்ணு முகத்தைப் பாக்காம நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடு!"

"அத்தை, இந்த வெள்ளிக்கிழமைய விட்டா அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சுதான். அவ்வளவு நாள் தள்ளக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு..."

"தள்ளினா என்ன, போய்ச் சேந்துடுவேன், அவ்வளவுதானே! யாரால இந்தக் கதி? என் பிள்ளை வாயில விரல் வெச்சாக் கடிக்கத் தெரியாதவன். அவனுக்கு ஸ்ட்ரைக் பண்ணத் தெரியுமா? நான் கேட்டேன்டி... கதவுக்கு வெளியே நின்னு என் ரெண்டு காதாலயும் கேட்டேன். 'யோசிக்காதீங்க, கையெழுத்துப் போடுங்க'ன்னு அவனை ஏத்திவிட்டது நீதானே? இல்லைன்னு சொல்லு, பாக்கலாம்!"

"சொன்னேன் அத்தை. நான்தான் சொன்னேன்."

கொழுந்தன் இரண்டு போன்களையும் காதிலிருந்து எடுத்துவிட்டான். அண்ணி இல்லை என்பாள், அம்மா கத்துவாள், தான் நடுவில் போய்ச் சமாதானம் பண்ணலாம் என்று இருந்தவன் அவன்.

"சொல்லிட்டு இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறியே! ஏன்டி சொன்ன?"

"வேற மாத்திரை எடுத்துட்டு வரேன்" என்று மருமகள் உள்ளே போனாள்.

ஏன் என்பதைச் சொல்லத்தான் அவளுக்கு உரிமை இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், விடுமுறைக்கு வந்திருந்த கடைக்குட்டி திரும்பிப் போன நாள் அது. அண்ணனால் வழியனுப்பப் போக முடியவில்லை, டூட்டி. "உன் பிளேனை மேல ஏத்திவிடப் போறதே நான்தான். இதைவிட என்ன வழியனுப்பு வேணும் உனக்கு?" என்று தங்கையின் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் இல்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய திரையை இவர் ஒருவராகப் பார்த்தார். தொடர்ந்து ஆறாவது நாள் வேலை, அன்றைக்கு மட்டும் பத்தாவது மணி நேரம். ஒரு விமானிக்கு உயரம் சொன்னார். சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவன் திருப்பிச் சொல்லும்போது ஓர் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டான். அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் இவர் அங்கே உட்கார்ந்திருப்பதே. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. குறுக்கே இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. விமானங்களுக்குள் இருந்த எச்சரிக்கைக் கருவிகள் அலறி, ஒன்று சட்டென்று மேலே ஏற, மற்றொன்று கீழே இறங்க, மயிரிழையில் தப்பித்தன. அவற்றில் ஒன்றில்தான் தங்கை இருந்தாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. போய் இறங்கியதும் போன் பண்ணிச் சிரித்தாள். "அண்ணி, நடு வானத்துல ஒரு குலுக்கு குலுக்கிச்சு பாருங்க... காபி பூரா என் புது டிரெஸ்ல!" மருமகளின் பக்கத்தில் இருந்த கணவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவர் அழுதது அவளுக்குக் கேட்டது.

நடந்ததை அவரே எழுதிக் கொடுத்தார். 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் அலுவலகம் கதையை முடித்தது. ஆள் பற்றாக்குறை பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். லீவு என்று வீட்டில் சொன்னார். "அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தெரியவே கூடாது. அம்மா நெஞ்சு தாங்காது. தங்கச்சி... நான் அவ முகத்துல முழிக்கணும் இல்ல?" என்று மனைவியின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் கையெழுத்துக்காகச் சங்கத்தின் வேலைநிறுத்தக் காகிதம் வந்தது. கேட்டது சம்பளம் இல்லை. எந்த நேரமானாலும் ஒரு மேசைக்கு இரண்டு ஆள், அவ்வளவுதான். அம்மாவின் ஆபரேஷனையும் தங்கையின் வருகையையும் நினைத்து அவர் பேனாவை வைத்துக்கொண்டு தடுமாறியபோது, அவள்தான் சொன்னாள், யோசிக்காதீங்க என்று. அதைத்தான் மாமியார் கேட்டது. கேட்பதுதான் கேட்டார், அதற்கு முந்தின பேச்சையும் சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா!

மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவள் கொழுந்தனோடு ஏஜென்சிக்குப் போனாள். வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். உள்ளே நாலு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஓர் உலகப் படம்.

"அண்ணி, எல்லாப் பக்கமும் தட்டிப் பாத்துட்டேன். நம்ம நாட்டுக்குள்ள ஒரு பிளேன்கூட இறங்காது. உங்க வீட்டுக்காரரு அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்காரு!"

"வேலை செய்யாம இருக்கறதை நல்லா செஞ்சிருக்காருன்னு சொல்லுங்க தம்பி" என்றவள், சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "வானத்துல வழி இல்லைன்னா தரையில பாருங்க. பக்கத்து நாட்டுல ஸ்ட்ரைக் இல்லையே? அங்க இறங்கினா?"

"இறங்கி?"

"எல்லை வரைக்கும் ரயில் போகுமில்ல? அங்கேருந்து பஸ்."

கொழுந்தன் படத்தைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "பதினஞ்சு வருஷமா டிக்கெட் போடறேன்... எனக்குத் தோணலை பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். நாளைக் காலை அங்கே போய் இறங்குகிற விமானத்தில் கடைசி வரிசையில் ஓர் இடம் இருந்தது. ரயிலில் இடம் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டாவது வரலாம்.

தங்கைக்குப் போன் போட்டு வழியைச் சொன்னது அண்ணிதான். எந்த நடைமேடை, எல்லையில் எந்த வரிசை, எந்தப் பஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழைய டிக்கெட் பற்றி விமானக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தால் அவசரப்பட்டு 'ரத்து' என்பதை அமுக்கிவிடாதே, 'வேறு விமானம்' என்பதை அமுக்கு என்றும் சொன்னாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது." குரல் உடைந்திருந்தது. "கையெழுத்துப் போடச் சொல்லித் தூண்டிவிட்டதும் நீங்க, இப்ப வழி சொல்றதும் நீங்க! அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. உங்களை என் கூடப் பொறந்தவளா நெனச்சேன் அண்ணி... அம்மாவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்!"

"சரிம்மா. ரயில் பத்து மணிக்கு. மறந்துடாத."

போனை வைத்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததோடு சரி. வாசலில் நின்றவர்களுக்கு வரிசை எண் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் கொழுந்தன் திணறிக்கொண்டிருந்தான். அவள் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குட்டி வந்து சேர்ந்தாள். ஒரு பகலில் விமானம், ரயில், பஸ் மூன்றிலும் அடிபட்டு, முகமெல்லாம் புழுதி. கதவைத் திறந்த அண்ணியைத் தாண்டிக்கொண்டு நேராக அம்மாவின் அறைக்குள் போனாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்னாலேயே தண்ணீரோடு போன மருமகளைப் பார்த்ததும் கடைக்குட்டி எழுந்து நின்றாள்.

"நீங்க வெளியே இருங்க. இனிமே எங்கம்மாவை நான் பாத்துக்கறேன். நீங்க பாத்துக்கிட்டதெல்லாம் போதும்!"

"தண்ணி மட்டும் குடிச்சிடும்மா..."

"போங்கன்னு சொல்றேன்ல!"

"அவளை ஏன் போகச் சொல்ற?"

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. நாலு நாள் தாடி, சட்டையில் சங்கத்தின் பட்டை. டவர் தங்கையைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்.

"வேண்டாங்க..." என்றாள் மனைவி மெல்ல.

"நீ சும்மா இரு. போதும்." அவர் தங்கையின் முன்னால் வந்து நின்றார். "போன தடவை நீ போறப்ப பிளேன் குலுங்கி உன் டிரெஸ்ல காபி கொட்டிச்சே... அது காத்துல குலுங்கலை. என்னால குலுங்கிச்சு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணை, இன்னொரு விமானத்தை, காலியாக இருந்த நாற்காலியை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விமானிகளிடம் பேசுகிற அதே குரல். கடைக்குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அதுல இருக்கேன்னு... அப்பவே உனக்குத் தெரியுமா அண்ணா?"

"உன் சீட் நம்பர்கூடத் தெரியும்." அங்கேதான் அவர் குரல் போய்விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். கையெழுத்துப் போடச் சொன்னா, ஆமா. நாளைக்கு வேற யாரோட தங்கச்சியோ அதுல இருப்பான்னு சொன்னா. நான் கோழை... என்னால தானா அதைப் போட்டிருக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் அவளை இத்தனை பேச்சுப் பேசியிருக்கீங்க, ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாளா?" என்றார்.

கூடத்தில் கொழுந்தனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. முதல் தடவையாக அவன் அதை எடுக்கவில்லை.

"அண்ணி... போன்ல நான் என்னென்னவோ..." என்று கடைக்குட்டி ஆரம்பித்தாள்.

"வெந்நீர் போட்டிருக்கேன். குளிச்சிட்டு வா, ஒரே புழுதி" என்றாள் மருமகள்.

மாமியார் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தட்டிலிருந்த மூன்று மாத்திரைகளையும் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் காரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் ஒரு ஆள்தான் கூட வரலாம் என்றாள் நர்ஸ். கடைக்குட்டி முன்னால் வந்தாள்.

"நீ இரும்மா" என்றார் மாமியார். "இவ வரட்டும்."

தள்ளுகட்டில் நீளமான நடைபாதையில் நகர்ந்தது. மருமகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். பாதி தூரம் போனதும் மாமியார் அவள் கையைத் தேடிப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திரும்பி வருவனோ மாட்டேனோ..."

"வருவீங்க அத்தை. அப்புறம் சொல்லிக்கலாம்."

"இல்ல, கேளு. பொண்ணு வந்தாத்தான் வருவேன்னு சொன்னேனே... அது பொய்யிடி. எனக்குப் பயம். நெஞ்சைப் பிளக்கப் போறாங்கன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரல. பிளேன் ஓடலைன்னு டிவில சொன்னாங்க பாரு... அப்பாடான்னு இருந்துச்சு. இனி ஆபரேஷன் தள்ளிப் போயிடும்னு சந்தோஷமா இருந்துச்சு. அதை வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உன் தலையில போட்டேன். நீ இல்லைன்னு சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்... நீ ஆமான்னுட்டுப் போயிட்ட!"

மருமகள் நடப்பதை நிறுத்தவில்லை. நர்ஸும் நிறுத்தவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை" என்றாள்.

"உனக்குமா? நீ எதுக்குடி பயப்படற?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்."

மாமியார் அவளையே பார்த்தார். கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "என்னை மன்னிச்சிடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வந்தா சொல்லிடுவேன்" என்றார்.

"தெரியும் அத்தை. நீங்க பத்திரமா வந்து என்னைத் திட்டினாப் போதும்."

தியேட்டர் கதவு வந்தது. கையை விடச் சொல்லி நர்ஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணி தாண்டி டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றிக்கொண்டே, "நல்லபடியா முடிஞ்சது. பெரியம்மா கெட்டி" என்றார். டவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொழுந்தன் யாருக்கு என்று தெரியாமல் கும்பிட்டான்.

மருமகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நாலு நாளாக, இல்லை, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு, விக்கி விக்கி அழுதாள். கணவர் பதறிப்போய் நகர்வதற்குள் கடைக்குட்டி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி... அண்ணி... அம்மா பொழைச்சிட்டாங்க அண்ணி!"

"தெரியுது..." என்றாள் அவள் அழுகைக்கு நடுவே. "விடு, கொஞ்ச நேரம் அழுதுக்கறேன்."

"அழுங்க அண்ணி. நான் எங்கயும் போகலை" என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள் கடைக்குட்டி.